சும்மா வந்து உட்காரு

திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தில் வேலை கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லி என் சின்ன வயதில் நான் கேட்டதில்லை. காங்கயம் ரோட்டில் நல்லூரைத் தாண்டி உள்ளே திரும்பினால் சிட்கோ தொழிற்பேட்டை. எதிரே, ஏற்றுமதியாளர்கள் சேர்ந்து தொடங்கிய நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி. நடுநடுவே சீமைக்கருவேலம் மண்டிய காலி மனைகள். கிழக்கே நடந்தால் கிளுவை வேலி போட்ட கொரங்காடு தொடங்கிவிடும். கம்பெனி வாசல்களில் வருஷம் முழுக்க அட்டை தொங்கும்: டெய்லர் தேவை, கைமடி தேவை, செக்கிங்குக்குப் பெண்கள் தேவை. தேனி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ பையும் பாயுமாக வந்து இறங்குகிறவர்களுக்கு மறுநாளே ஷிப்ட் கிடைத்துவிடும். ஆண்டிபட்டிப் பக்கமிருந்து வந்த என் அப்பா, அம்மாவுக்கும் அப்படித்தான் கிடைத்தது. அப்பா சாயப்பட்டறைக்குப் போனார். அம்மாவுக்கு சிட்கோவில் செக்கிங் வேலை.

வேலை இருக்கிற ஊரில் வறுமை என்ன உருவத்தில் இருக்கும் என்று கேட்டால், எனக்கு எங்கள் லைன் வீட்டின் கடைசி அறைதான் நினைவுக்கு வரும். ஒரே வரிசையில் எட்டு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முன்னால் பொதுக் குழாய், பின்னால் கக்கூஸ். கக்கூஸை ஒட்டியது கடைசி அறை என்பதால் அதற்கு மட்டும் வாடகை குறைவு. அதில் இருந்தவரை எல்லோருமே 'கடைசி வீட்டக்கா' என்றுதான் கூப்பிட்டோம். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். புருஷனோடு வந்தவர்தான்; அந்த மனிதர் ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர், திரும்பி வரவில்லை. என்னைவிட இரண்டு வகுப்பு கீழே படித்த ஒரு பையன், இடுப்பை விட்டு இறங்காத ஒரு பெண் குழந்தை. கைக்குழந்தையோடு கம்பெனிக்குள் விடமாட்டார்கள். ஒன்றரை ஷிப்ட் நிற்கவும் முடியாது. அதனால் அக்கா வீட்டிலேயே பிசிறு வெட்டினார்.

டிவிஎஸ் ஐம்பதில் ஒரு ஆள் மூட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். தைத்த பனியனில் தையல் முடியும் இடமெல்லாம் நூல் தொங்கும். தோள், அக்குள், கழுத்துப்பட்டை, கீழ்மடிப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, துணியில் கத்தரி படாமல் வெட்ட வேண்டும். பட்டுவிட்டால் அந்த பீஸ் டேமேஜ், காசு பிடிப்பார்கள். கூலி டஜன் கணக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து நாங்களும் கூட உட்கார்ந்து வெட்டுவோம். பல்பு வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி அக்காவின் புருவத்திலும் இமையிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். புறங்கையால் துடைத்துக்கொண்டே, "பாப்பா, அந்த மஞ்சக் கலரு கட்ட முடிச்சிட்டியா?" என்பார்.

அக்கா சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் எதுவும் நிலைத்து நின்றதில்லை. ஐந்து ரூபாய்க்கு எண்ணெயைப் பாலிதீன் பையில் கட்டி வாங்கிவருவார். பருப்பு, தேயிலைத்தூள் எல்லாமே அன்றன்றைக்கு, கை அளவுக்கு. கிலோவாக வாங்கினால் மலிவு என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு கிலோவுக்கான காசு ஒரே நாளில் கையில் நின்றதில்லை. இல்லாதவர்கள் எதற்கும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பக்கத்து மளிகைக்கடைக்கு அக்காவுக்காக நடந்து நடந்து தெரிந்துகொண்டேன்.

பிறகு வட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாரக்காரர் வருவார். ஆயிரம் ரூபாய் என்று பேச்சு. நூறைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் கையில் தருவார். வாரம் நூறாகப் பத்து வாரம் கட்ட வேண்டும். கேட்பதற்கு நூறு ரூபாய்தான் வட்டி என்று தோன்றும். வாராவாரம் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மூட்டை வராத வாரம் வந்தால், அந்த நூறைக் கட்ட இன்னொருவரிடம் வாங்குவார். அக்காவுக்கு ஒரே நேரத்தில் மூன்று வாரக்காரர்கள் இருந்ததுண்டு. அவர்களுடைய சிட்டைகளை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்.

அம்மா ஒரு மகளிர் குழுவில் இருந்தார். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியவை. 1990-களின் கடைசியில் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவின. எங்கள் குழு ஞாயிறு மத்தியானம் அங்கன்வாடித் திண்ணையில் கூடும். அங்கன்வாடி டீச்சர்தான் ஊக்குநர். தீர்மான நோட்டு எழுதுவது என் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஆறாம் வகுப்பிலேயே என்னிடம் கொடுத்துவிட்டார்கள். சந்தா எவ்வளவு, உள்கடன் யாருக்கு, நூற்றுக்கு இரண்டு வட்டியில் எத்தனை பேர் திருப்பிக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். அம்மா அந்தக் குழுவில் கடன் வாங்கித்தான் எனக்கு சைக்கிள் வாங்கினார். எங்களைப் போன்ற வீடுகளுக்குக் குழு பெரிய ஆறுதல். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் கடைசி வீட்டக்காவைச் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தபோது திண்ணை அமைதியாகிவிட்டது. "மாசாமாசம் சந்தா கட்ட அவளால முடியுமா?" என்றார் ஒருவர். "பேங்க் கடன் வாங்குனா எல்லாரும்ல பொறுப்பு. நாளப்பின்ன ராவோட ராவா ஊருக்குப் போயிட்டா யாரு கட்டுறது?" இதைக் கேட்டது என் அம்மா. கெட்ட மனசில் சொன்னதல்ல. கம்பெனியில் நின்று நின்று கால் வீங்கச் சேர்த்த காசு. அதை யாருக்காகவும் அவர்களால் பணயம் வைக்க முடியாது. ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் என்பதுதான் குழுவின் பலம். ஆனால் அந்த ஜாமீனுக்கே தகுதியில்லாதவர் என்று ஊர் நினைக்கிறவருக்கு அதே பலம் மூடிய கதவாகிவிடுகிறது. உள்ளே வந்தவர்களுக்கு அது தெரிவதில்லை.

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சந்தாவும் வேண்டாம், கடனும் வேண்டாமுங்க. கொஞ்ச நாளைக்கு சும்மா வந்து உக்காரட்டும்." இதில் மறுப்பதற்கு யாருக்கும் எதுவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து தூண் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் முடிந்து டீ கொடுத்தபோது, காசு கொடுக்காதவர் டீ குடிக்கலாமா என்று தயங்கி டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீச்சர் அதைக் கையிலேயே திணித்தார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் சாயப்பட்டறைகள் மூடின. 2011 ஜனவரி 28. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பதை நிறுத்தாததால் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். விவசாயிகளின் வழக்கு அது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகி, கீழே இருந்த கிணறுகளெல்லாம் உப்பேறிப் போயிருந்தன. அவர்கள் பக்கத்து நியாயத்தை எங்கள் அப்பாவே ஒத்துக்கொள்வார்; சாயத் தண்ணீரில் நின்று வேலை செய்த காலைத் தினமும் பார்த்தவர் அவர். ஆனால் நியாயமான தீர்ப்பின் பாரத்தை யார் சுமப்பது என்பதை எந்த உத்தரவிலும் எழுதுவதில்லை. துணி சாயத்துக்கு லூதியானாவுக்கும் வேறு ஊர்களுக்கும் போனது. திரும்பி வருகிற வரைக்கும் கட்டிங் இல்லை. கட்டிங் இல்லையென்றால் தையல் இல்லை, செக்கிங் இல்லை, பிசிறும் இல்லை.

எங்கள் வரிசையில் பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்கியது. அப்பா ஆண்டிபட்டிக்குப் போய்க் கட்டட வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். ஊரில் ஒரு ஓட்டு வீடாவது இருந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். கடைசி வீட்டக்காவுக்குப் போக இடமில்லை. டிவிஎஸ் ஐம்பது வருவது நின்றது. வாரக்காரர்கள் வருவது மட்டும் நிற்கவில்லை.

ஆடு அக்காவிடம் வந்தது அப்போதுதான். டீச்சரின் மாமியாரை ஊரில் எல்லோரும் ஆத்தா என்பார்கள். கிழக்கே அவர்களுக்குக் கொரங்காடு இருந்தது. கொரங்காடு என்றால் மேய்ச்சலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக விட்டுவைத்த மானாவாரிப் பூமி. கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கயம் மாடு வளர்ந்த மண் அது. ஆத்தாவுக்கு வயதாகிவிட்டது, ஆடுகளின் பின்னால் நடக்க முடியவில்லை. மருமகள் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். அந்த வாசலில் யார் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. சாதிதான் அந்தச் சட்டம். அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அக்கா வேலிப் படல் ஓரமாகவே நின்றார். ஆத்தா வெளியே வந்து, "ஏம்மிணி, ரெண்டு உருப்படிய ஓட்டீட்டுப் போ. வாரத்துக்கு. ஈத்துக்கு ரெண்டு போட்டா ஆளுக்கொண்ணு. தாயாடு என்னுது" என்றார்.

ஆடு மாட்டை வாரத்துக்கு விடுவது கிராமங்களில் பழைய ஏற்பாடு. வைத்திருப்பவரிடம் முதல், வளர்ப்பவரிடம் உழைப்பு, பிறப்பதில் பாதிப் பாதி. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. ஆடு செத்தால் நஷ்டம் தாயாட்டுக்காரருக்கும் உண்டு என்பதால் அவர் சும்மா இருக்க மாட்டார். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

ஆனால் சினையாடு ஈன ஐந்து மாதம். குட்டி விலைக்கு வர இன்னும் பல மாதம். அதுவரை சாப்பாடு? ஒரு ஆட்டைக் கொடுத்து 'பிழைத்துக்கொள்' என்று சொல்வதில் இருக்கிற ஓட்டை இதுதான். பசி தாங்காமல் முதல் மாதத்திலேயே ஆட்டை விற்று அரிசி வாங்கியவர்களை ஊர் எளிதாகத் திட்டும். எங்கள் டீச்சர் திட்டுவதற்கு இடம் வைக்கவில்லை. குழுவில் பிடி அரிசி பேசினார். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டுவருவது. ஜாமீன் நிற்க மாட்டேன் என்றவர்கள் யாரும் பிடி அரிசிக்கு மறுக்கவில்லை. என் அம்மா இரண்டு பிடி போடுவார். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து ஒரு தூக்குவாளியில் இருக்கும். கலந்த அரிசி ஒரே பதத்தில் வேகாது என்று அக்கா பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

பையனுக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு, பெண் குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு. அடுத்து ரேஷன் கார்டு. அந்த ஜூன் மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசியே விலையில்லாமல் கிடைத்தது. ஆனால் அக்காவின் பெயர் இருந்த கார்டு புதுக்கோட்டைப் பக்கத்தில், மாமியார் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. அங்கே பெயரை நீக்கிச் சான்று வாங்கி வந்தால்தான் இங்கே கார்டு. கார்டு இருந்தால்தான் மற்ற எதற்கும் மனு. இடம் மாறிப் பிழைக்க வந்தவர்கள் அரசாங்கத்தின் கண்ணுக்கு எந்த ஊரிலும் இல்லாமல் போவது இப்படித்தான். மனுவை டீச்சர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். இந்த அலுவலகத்திலிருந்து அந்த அலுவலகத்துக்கு அனுப்பி, கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பு என்று சொல்லி, அலைய விட்டார்கள். கார்டு கைக்கு வருவதற்குள் ஆடே ஈன்றுவிட்டது. கார்டு வந்த பிறகு நூறு நாள் வேலைக்கும் பெயர் பதிந்தார். அந்த வருஷம் அரசு அறிவித்த கூலி 119 ரூபாய். வேலையை அளந்து பார்த்துக் கையில் கொடுப்பது அதைவிடக் குறைவுதான். ஆனாலும் அது வாரக்காரரிடம் வாங்காத காசு.

அக்காவுக்கு முன்னால் ஆடு வளர்த்த பழக்கம் இல்லை. ஆத்தா வாராவாரம் கோலை ஊன்றிக்கொண்டு லைன் வீட்டுக்கே வந்துவிடுவார். வந்ததும் ஆட்டைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி, கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார். உள்ளே சதை செக்கச் செவேலென்று இருந்தால் ஆடு நன்றாக இருக்கிறது. வெளுத்திருந்தால் வயிற்றில் பூச்சி ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். கால்நடை மருந்தகத்தில் மருந்து வாங்கி ஊற்ற வேண்டும். எங்களுக்கெல்லாம் அதைக் கற்றுக்கொடுத்தார். சில நாளில் நாங்கள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தோம். ஆத்தா அதைப் பார்த்துவிட்டு அக்காவின் இமையையும் இழுத்துப் பார்த்தார். "உனக்குமே வெளுத்துத்தான் கெடக்குது, அம்மிணி. முருங்கக் கீரய ஆக்கித் தின்னு" என்றார். படல் ஓரத்தில் நிற்க வைத்த அதே ஆத்தா. தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதல் ஈற்றில் ஒரு ஆடு இரண்டு குட்டி, இன்னொன்று ஒரு குட்டி. மார்கழிக் குளிருக்குக் குட்டிகள் நடுங்குமே என்று, டேமேஜ் என்று ஒதுக்கிய குழந்தைப் பனியன்களை எடுத்து மாட்டிவிட்டார் அக்கா. முன்னங்கால் இரண்டையும் கையில் நுழைத்து, வயிற்றுப் பக்கம் மூத்திரம் படாமல் துணியைத் தூக்கி முடிச்சுப் போடுவார். ஏதோ வெளிநாட்டுக் கடைக்குப் போக வேண்டிய கரடிப் படம் போட்ட பனியனோடு கறுப்புக் குட்டி ஒன்று காலி மனையில் துள்ளிக்கொண்டு போவதை சிட்கோவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். சீமைக்கருவேலங்காய் உதிர்கிற காலத்தில் தீனிக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்த கோடைமழையில் ஒரு குட்டி செத்தது. முதல் மழைக்குத் துளிர்க்கிற இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வரும். இருந்தாற்போல் துள்ளி விழுந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மழைக்கு முன்னால் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அக்கா அன்றைக்கு அழுத அழுகை குட்டிக்காக மட்டும் அழுததில்லை. தன் கையில் எதுவும் தங்காது என்று யாரோ எப்போதோ சொன்னது பலித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். "என் கை ராசி அப்படி, ஆத்தா" என்றார். ஆத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ராசியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. ஊசி போடல, செத்துது. அவ்வளவுதேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் அக்காவுக்குச் செய்ததை எந்தக் கடனும் செய்திருக்காது. நடந்தது விதி இல்லை, விட்டுப்போன ஒரு ஊசி. அடுத்த தடவை போட்டுவிடலாம்.

தன் பங்குக் கிடாயை விற்ற காசில் அக்கா செய்த முதல் காரியம், மிச்சமிருந்த வாரக்காரரின் கணக்கை முடித்தது. அவர் பணத்தை எண்ணிவிட்டு, "நாணயமா கட்டீட்ட. அடுத்து அஞ்சாயிரமா எடுத்துக்கோ" என்றார். அக்கா சிட்டையைக் கையில் வாங்கிக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அந்த ஞாயிறு குழுவில் முதல் சந்தா கட்டினார். புதுப் பக்கத்தில் அவர் பெயரை நான் எழுதினேன். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று டீச்சரிடம் பழகி வைத்திருந்த கையெழுத்தைப் போட்டார். எழுத்து ஒவ்வொன்றும் கட்டத்தைத் தாண்டி மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் போயிற்று. பேனாவை அழுத்திய அழுத்தில் அடுத்த பக்கத்திலும் பெயர் பதிந்துவிட்டது.

இதையெல்லாம் கோத்துப் பார்க்க எனக்குப் பல வருஷம் ஆனது. வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு குறுங்கடன் கொடுத்துப் பெரிதாக வளர்ந்தது. அந்தக் கடனும் குழுவும் கடைக்கோடிக் குடும்பங்களுக்கு எட்டவே இல்லை என்பதைப் பார்த்து, 2002-இல் அது வேறு வழி எடுத்தது. மிக ஏழையான வீட்டுப் பெண்ணுக்கு ஆடோ மாடோ கோழியோ கொடுப்பது; அது பலன் தரும்வரை கொஞ்சம் பணம்; சேமிப்பு; மருத்துவம்; எல்லாவற்றோடும் வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கிற ஒரு ஆள். இரண்டு வருஷம். கானா, எத்தியோப்பியா, ஹோண்டுராஸ், பெரு, பாகிஸ்தான், இந்தியா என்று ஆறு நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்த ஆய்வு 2015-இல் வந்தது. உதவி முடிந்து ஒரு வருஷம் கழித்தும் பெரும்பாலான இடங்களில் பலன் நிலைத்திருந்தது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதை எழுதியவர்களில் இருவர். படித்தபோது டீச்சரும் ஆத்தாவும்தான் என் கண்ணில் நின்றார்கள். பெயரில்லாமல், கணக்கில்லாமல், ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த அக்கறையில் அவர்கள் தட்டுத்தடுமாறிச் செய்தது அதுதான்.

ஆனால் இந்த முறையைப் பற்றிய ஆய்வுகளில் எனக்கு அதிகம் உறைத்தது பலிக்காமல் போன இடம். அப்போது ஆந்திரத்தில் இருந்த, இப்போது தெலங்கானாவில் இருக்கிற மேடக் மாவட்டத்தில் இதே முறையைச் செய்து பார்த்தார்கள்; பெரிதாக வித்தியாசம் இல்லை. அங்கே கூலி ஏறிக்கொண்டிருந்தது. மாடு வாங்காதவர்களும் கூலிக்குப் போய் அதே அளவு முன்னேறினார்கள். வாங்கியவர்கள் மாட்டுக்காகக் கூலியை விட்டார்கள். திருப்பூருக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆர்டர் திரும்பியதும் அக்கா ஆட்டை நம்பி உட்காரவில்லை. குழந்தையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு சிட்கோவுக்கு செக்கிங் போனார். ஆட்டைக் குறைத்துக்கொண்டார், விடவில்லை. எங்கள் ஊரில் ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் குறை வேலை இல்லாதது அல்ல. வேலை நிற்கிற வாரத்தில் விற்பதற்கு ஒன்றும் இல்லாததுதான்.

அரசாங்கமும் ஆடு கொடுத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழு லட்சம் குடும்பங்களுக்கு, வீட்டுக்கு நான்கு ஆடு என்று இலக்கு. நிலமில்லாத ஏழைப் பெண்களுக்குத்தான் கொடுத்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கிராமங்களில் அந்த நான்கு ஆட்டை நாற்பதாக்கிய பெண்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தந்த ஊராட்சியில் நிரந்தரமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்ற விதி எங்கள் லைன் வீட்டில் ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஆடு கொடுத்த இடத்திலும், இமையை இழுத்துப் பார்க்க வாராவாரம் ஒரு ஆத்தா வரவில்லை.

2016 நவம்பரில் பணம் செல்லாது என்றானபோதும், 2020-இல் கொரோனா ஊரடங்கில் கம்பெனிகள் மொத்தமாக மூடியபோதும் அக்கா அதே முதலிபாளையத்தில்தான் இருந்தார். ஊரடங்கில் இரண்டு கிடாயை விற்று வாடகை கட்டினார். குழுவில் உள்கடன் வாங்கினார். வாரக்காரரிடம் போகவில்லை. பையன் அப்போது பாலிடெக்னிக், படிப்பை நிறுத்தவில்லை. கடைசி அறையை விட்டு இரண்டாம் அறைக்கு மாறி வெகுநாளாகியிருந்தது.

2024 பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழக அரசு தாயுமானவர் திட்டத்தை அறிவித்தது. மாநிலத்தில் மிக ஏழ்மையில் இருக்கிற ஐந்து லட்சம் குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு ஆண்டுகளில் மேலே கொண்டுவருவது என்று பேச்சு. ஆதரவற்றோர், தனித்து வாழும் முதியோர், ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள் என்று யார் யாரைத் தேட வேண்டும் என்பதையும் சொன்னார்கள். கேட்டபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். கூடவே கவலையும் இருக்கிறது. எங்கள் பழைய லைன் வீட்டின் கடைசி அறையில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டு ஆர்டர்கள் நின்றபோது, முதலில் வேலை போனது அவரைப் போன்றவர்களுக்குத்தான். எந்தப் பட்டியலில் அவர் பெயர் வரும்? வந்தாலும், அவர் வீட்டுக்கு யார் போவார், எத்தனை வீடுகளுக்கு ஒருவர்? ஒரே ஆளின் தலையில் இருநூறு வீட்டைக் கட்டினால் அவர் படிவத்தைத்தான் நிரப்புவார். ஆத்தா பார்த்தது இரண்டு ஆட்டையும் ஒரு வீட்டையும்.

போன முறை போயிருந்தபோது அந்தப் பெண்ணைக் குழுவுக்குக் கூப்பிட்டீர்களா என்று அக்காவிடம் கேட்டேன். அக்கா இப்போது குழுவின் பிரதிநிதி. "பாஷதான் சிக்கல், பாப்பா. எம் மகதான் போன்ல இந்தியில பேசி வெச்சிருக்கா. ஞாயித்துக்கெழம வர்றேன்னுருக்காங்க. ஆனா ஆடெல்லாம் வேணாமாம். அவங்க ஊர்ல மெஷின் தெச்சு பழக்கமாம். பழைய ஓவர்லாக் ஒண்ணு வெலைக்கு வருது. வாங்கி வீட்டுலயே போட்டா கொழந்தையையும் பாத்துக்கலாம், பீஸும் தெக்கலாம்ல? என்ன வெல சொல்றாங்கன்னு கேட்டுட்டு வரணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.